‘மக்கும்’ பேட், ‘மக்கும்’ டயப்பர்: சென்னையில் இதெல்லாம் எங்கே போய் மக்குகிறது?

மொட்டைமாடி கேட்டது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள். பத்தாவது படிக்கும் மகள், நான், அப்புறம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் என் மாமியார். ஆக மாதம் முழுக்க பேடோ டயப்பரோ ஏதாவது ஒன்று குப்பைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

வேளச்சேரியில் அபார்ட்மெண்ட். போன வாரம் தரைத்தளத்தில் கழிவுநீர் சேம்பர் அடைத்துக்கொண்டது. பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தால் உப்பிப்போன நாப்கின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்றிலிருந்து அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் ஒரே சண்டை. செயலாளருக்கு அந்தப் பெயரை எழுதக் கூச்சம் போலிருக்கிறது, ‘சில பொருட்களை டாய்லெட்டில் போட வேண்டாம்’ என்று போட்டிருக்கிறார், யாருக்கு என்ன புரியும்?

நாங்கள் டாய்லெட்டில் போடுவதில்லை, பேப்பரில் சுற்றிக் கவரில் போட்டுத்தான் தருகிறோம். ஆனால் காலையில் குப்பை எடுக்கப் பேட்டரி வண்டியில் வரும் அம்மா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கவரைக் கையாலேயே பிரித்துப் பார்ப்பதை நானே பார்த்தேன். அதிலிருந்து மனசுக்குச் சரியாகவே இல்லை.

ஆன்லைனில் தேடினால் மூங்கில், வாழைநார், சோளம் என்று விதவிதமாக வருகிறது, எல்லாவற்றிலும் பச்சை இலை படம், விலை இரண்டு மூன்று மடங்கு. டயப்பரிலும் அப்படி விற்கிறார்கள். இந்தப் பணத்தைக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா? ஊரிலிருந்து வந்த நாத்தனார் வேறு ‘அந்தக் காலத்தில் டயப்பரா இருந்துச்சு, பழைய வேட்டியைக் கிழிச்சுப் போடு’ என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பர லிங்க் போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

---

நான்வோவன் பதில்:

மேடம், இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். பேடுக்கும் டயப்பருக்கும் துணி மாதிரி இருக்கும் மேல் அடுக்கைத் தயாரிக்கும் பக்கம். எந்த பிராண்டையும் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

உடம்பில் படும் மேல் அடுக்கு பாலிப்ரொப்பிலீன். நெய்யாமல் நூலைச் சூட்டில் ஒட்டிச் செய்வது, தொட்டால் பருத்தி போலத் தோன்றும், ஆனால் பிளாஸ்டிக்தான். சில பேடுகளில் அதற்குப் பதில் பொடி ஓட்டை போட்ட பாலிஎத்திலீன் ஷீட் இருக்கும். அதன் கீழே திரவத்தை நீளவாக்கில் பரப்பிவிட ஓர் அடுக்கு. நடுவில் இருப்பதுதான் முக்கியமான சமாச்சாரம்: பஞ்சு போலிருக்கும் மரக்கூழ், அதற்குள் தூவிய எஸ்ஏபி என்கிற சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை. ‘காட்டன்’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பைன் மரக்கூழ், அதிலும் அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் நீள இழை பைன். அடியில் கசியாமலிருக்க பாலிஎத்திலீன் ஃபிலிம். இதையெல்லாம் பிடித்து வைக்கச் சூட்டில் உருக்கிய பசை, உள்ளாடையில் ஒட்ட இன்னொரு பசை, அதை மூட சிலிகான் பூசிய காகிதம், கடைசியில் ஒவ்வொன்றையும் மடித்து வைக்கிற பிளாஸ்டிக் உறை. டயப்பரில் இவற்றோடு இடுப்புக்கும் தொடைக்கும் எலாஸ்டிக், பக்கவாட்டு டேப்.

அந்தக் குருணை செய்கிற வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் புது டயப்பர் ஒன்றைக் கத்தரியால் கீறி, நடுப்பஞ்சை ஒரு கவரில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அடியில் வெள்ளைக் குருணை சேரும். ஒரு டம்ளரில் அதில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கண்ணெதிரே கெட்டியாகி ஜெல்லியாக நிற்கும், டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. இப்போது அதன்மேல் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்குங்கள், கெட்டி உடைந்து தண்ணீராக ஓடும். சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் பொருள், சிறுநீர் போன்ற உப்புக் கரைசலில் 30 முதல் 50 மடங்கு அளவோடு நின்றுவிடும். ரத்தத்தில் அதைவிடவும் குறைவு, ஏனென்றால் ரத்தம் கெட்டி, செல்லும் புரதமும் குருணையின் மேலே படிந்து அடைத்துவிடும். அதனால்தான் டயப்பரில் குருணை நிறைய, பீரியட்ஸ் பேடில் குறைவு. எக்ஸ்ட்ரா தின் பேட் அவ்வளவு மெல்லிசாக இருப்பதற்கும் இந்தக் குருணைதான் காரணம், பஞ்சைக் குறைத்து இதைக் கூட்டியிருப்பார்கள். உங்கள் சேம்பரில் உப்பிப்போய் வந்ததும் இதே சமாச்சாரம்தான்.

இனி மக்குமா என்ற கேள்வி. மரக்கூழ் மக்கும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், குருணை மூன்றும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, நம் ஆயுளில் மக்காது. 500 வருஷம், 800 வருஷம் என்று எல்லோரும் ஒரு கணக்கை ஃபார்வர்ட் செய்கிறார்களே, பாலிஎத்திலீனைக் கண்டுபிடித்ததே 1933-ல்தான், யார் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள் என்று தெரியவில்லை. ரொம்பக் காலம் ஆகும், அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடிந்தது.

‘மூங்கில் பேட்’ என்றால் பெரும்பாலும் மேல் அடுக்கு மட்டும் மூங்கில். அதுவும் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து விஸ்கோஸ் இழையாக இழுத்தது. அடியில் அதே பாலிஎத்திலீன் இருக்கலாம். வாழைநார் பேட் செய்கிறவர்களில் உண்மையாகவே அடி ஃபிலிம் வரை மாற்றியவர்கள் உண்டு, அகமதாபாத்தில் இருக்கிறார்கள். அதனால் பாக்கெட்டில் இலை படத்தைப் பார்க்காதீர்கள், மேல் அடுக்கு, உறிஞ்சும் பகுதி, அடி ஃபிலிம் மூன்றும் எதனால் ஆனது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசிவிட்டு மற்ற இரண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அந்த இரண்டும் பழைய பொருள்தான்.

மேல் அடுக்கை ஒரு துண்டு வெட்டித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். பருத்தியோ விஸ்கோஸோ என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலிப்ரொப்பிலீன் உருகிச் சுருண்டு கட்டியாகும். ஆனால் அடி ஃபிலிமுக்கு இந்தச் சோதனை செல்லாது, மக்கும் பிளாஸ்டிக்கும் உருகத்தான் செய்யும்.

---

பெரம்பூர்க்காரி பதில்:

சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பாக்கெட்டில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ‘கம்போஸ்டபிள்’ என்ற தரத்துக்கு ஒரு ஃபிலிம் தேறுகிறது என்றால், ஏறத்தாழ 58 டிகிரி சூட்டில், ஈரமும் காற்றும் அளவாக வைத்த தொழிற்சாலை உரக்குழியில், 180 நாளுக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்று அர்த்தம். சென்னையில் மாநகராட்சி உரம் போடும் இடங்கள் இருக்கின்றன, அங்கே போவது காய்கறித் தோலும் மீந்த சோறும். ரத்தமும் மலமும் பட்ட பேடை அங்கே யாரும் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அப்போது உங்கள் மூன்று மடங்கு விலை பேட் எங்கே போகும்? தெற்கே இருந்தால் பெருங்குடி குப்பைமேடு, எங்கள் வடசென்னைப் பக்கம் என்றால் கொடுங்கையூர் குப்பைமேடு. பெருங்குடி எங்கே இருக்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள். 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது, அதே வருஷம் ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாள் கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. மலைபோல் அமுங்கிக் கிடக்கும் குப்பைக்குள் காற்றே போகாது. காற்றில்லாத இடத்தில் மக்குகிற பொருள் மக்கினாலும் மீத்தேன்தான் வரும்.

உடனே யாராவது ‘எரித்துவிடலாமே’ என்று ஆரம்பிப்பீர்கள். எரிக்கலாம், எங்கே? ஒருமுறையாவது வேளச்சேரியிலோ அடையாறிலோ எரிஉலை வைக்கிறோம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அனல்மின் நிலையம், பெட்ரோ கெமிக்கல், குப்பை எல்லாம் வடசென்னைக்கு. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று இங்கே ஜனங்கள் தெருவில் நின்றார்கள். பிளாஸ்டிக் கலந்த ஈரக் குப்பையைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்ஸின் என்கிற நச்சு வரும் என்பது தெரிந்த விஷயம்தான். பள்ளிக்கூட டாய்லெட் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியும் அதே கதைதான், பாதி எரிந்து கறுப்புக் கட்டியாக வெளியே வரும்.

நான் எரிப்பதே கூடாது என்று சொல்லவில்லை. போதுமான சூடும் புகை வடிகட்டியும் உள்ள உலையில் எரிக்கலாம், அதற்குத் தனியாகச் சேகரித்துத் தர வேண்டும். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: பேடும் டயப்பரும் செய்கிற கம்பெனி, முழுக்க மறுசுழற்சி ஆகும் பொருளுக்கு மாற முயல வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை தர வேண்டும். நாப்கின் பாக்கெட்டில் சிலர் உறை தருகிறார்கள். பெரியவர்கள் டயப்பர் பாக்கெட்டில் நான் இதுவரை பார்த்ததே இல்லை.

உங்கள் வண்டிக்கார அம்மாவுக்கு நாளைக்கே ஒன்று செய்யலாம். புனேயில் குப்பை எடுப்பவர்களே கேட்டு வாங்கிய வழக்கம், பேப்பரில் சுற்றி மேலே சிவப்பு மையில் பெரிய புள்ளி. அதைப் பார்த்தால் பிரிக்க வேண்டாம் என்று அர்த்தம். கறுப்பு பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். உள்ளே என்ன என்று தெரியாததால்தான் அவர் பிரிக்கிறார். ஒரு பேனா வாங்கி லிஃப்ட் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், செயலாளருக்கு அந்தப் பெயரை எழுதுகிற சங்கடமும் மிச்சம்.

---

நைட்_டூட்டி பதில்:

அக்கா, நான் வீட்டுக்கே போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். உங்கள் நாத்தனார் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

படுக்கையில் இருப்பவருக்கு முழுநேரமும் வேட்டித் துணி வேண்டாம். துணி ஈரத்தை இழுக்கும், ஆனால் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். சிறுநீரில் இருக்கும் யூரியா அம்மோனியாவாக மாறும்போது தோலின் அமிலத்தன்மை போய்விடும், அதன்மேல் மலமும் பட்டால் தோல் வெந்ததுபோல் உரிந்துவிடும். இடுப்பெலும்பு முறிந்து புரளக்கூட முடியாதவருக்கு அந்த இடத்தில்தான் படுக்கைப் புண்ணும் வரும். நனைந்த நிமிஷமே மாற்ற ஆள் இருந்தால் துணி போடலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு யார் மாற்றுவது? நான்வோவன் சார் சொன்ன குருணை சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்தான், ஆனால் ஈரத்தை உள்ளே இழுத்துப் பூட்டி இந்தத் தோலைக் காப்பாற்றுவதும் அதேதான். பாட்டி விஷயத்தில் நான் குருணை பக்கம்.

ஆனால் டயப்பரின் எண்ணிக்கையைக் குறைக்க வழி இருக்கிறது, பல வீடுகளில் அதை யோசிப்பதே இல்லை. காலையில் எழுந்ததும், சாப்பிட்ட பிறகும் பெட்பேன் வைத்துப் பழக்குங்கள். மாமியாருக்கு வருவது தெரிகிறது, சொல்லவும் முடிகிறது என்றால் பகலில் பாதி டயப்பர் மிச்சமாகும், அவருக்கும் அது கௌரவம். ‘டயப்பர்தான் போட்டிருக்கே, அதுலயே போங்க’ என்று சொல்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அது கொடுமை. மெத்தைமேல் போடும் அண்டர்பேடைத் துவைக்கக்கூடியதாக வாங்குங்கள், தோலில் நேராகப் படாத இடம் என்பதால் அங்கே துவைக்கிற ரகம் போதும். சைஸ் பெரிதாக வாங்கினால் நிறையத் தாங்கும் என்று நினைக்காதீர்கள், தொடைப்பக்கம் இடைவெளி விழுந்து கசிந்து ஒன்றுக்கு இரண்டாகச் செலவாகும். இடுப்புச் சுற்றளவை டேப்பில் அளந்து, பாக்கெட்டில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

சிலர் காசு மிச்சமென்று சிறுநீர்க் கசிவுக்கு பீரியட்ஸ் பேட் வைக்கிறார்கள். அது மெதுவாக வரும் கெட்டித் திரவத்துக்குச் செய்தது, திடீரென்று வரும் சிறுநீரை வாங்காது. இருமினால் கொஞ்சம் கசிகிறது என்கிற அம்மாக்களுக்கு அதற்கென்றே சின்ன பேட் தனியாக வருகிறது. அதைவிட முக்கியம், அவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியிலேயே நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். வயசானால் அப்படித்தான் என்று காலம் முழுக்க பேட் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சுற்றுவதற்கு முன்னால் மலத்தை டாய்லெட்டில் தட்டிவிடுங்கள். குப்பை எடுப்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

---

துணிப்பை பதில்:

பாட்டியை விட்டுவிடலாம், நர்ஸ் சொன்னால் சரிதான். ஆனால் உங்களுக்கும் மகளுக்கும் எதற்கு டிஸ்போஸபிள் என்று நான் கேட்பேன். உள்ளே வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் மாதவிடாய்க் கப் இருக்கிறது, மருத்துவத் தர சிலிகான், ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். கேரளாவில் கும்பளங்கி பஞ்சாயத்து 2022-ல் நாப்கின் இல்லாத ஊர் என்று அறிவித்துக் கப் கொடுத்தார்கள். கப் பிடிக்காதவர்களுக்குப் பருத்தித் துணி பேட், ஆரோவில்லில் எகோ ஃபெம் பல வருஷமாகச் செய்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோப்பு போட்டு அலசி வெயிலில் காயவைத்தால் போதும். துணி பேட் என்ற பெயரில் பாலியெஸ்டரில் வருவதும் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, ‘ஆர்கானிக்’ என்றால் ரசாயனமே இல்லை என்று நம்பி வாங்காதீர்கள். டெல்லி டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2022-ல் இந்தியக் கடைகளில் கிடைக்கும் 10 பேடுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலுமே பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்கிற ரசாயனம் இருந்தது, ஆர்கானிக் என்று விற்றவை உட்பட.

---

பெரம்பூர்க்காரி பதில்:

துணிப்பை, வெயிலில் காயவைக்கச் சொல்கிறீர்கள். பத்துக்குப் பத்து வீடு, பொது டாய்லெட், பொதுக் குழாய் என்று இருக்கிற பெண் எங்கே காயவைப்பாள்? ஐப்பசி கார்த்திகை மழையில் புடவையே மூன்று நாள் காயாது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு ராத்திரி முழுக்கக் குடம் வைத்துக் காத்திருந்தோம், அப்போது வந்து துவைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். புது யுகம் திட்டத்தில் அரசு நாப்கின் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எத்தனையோ பிள்ளைகள் அந்த நாட்களில் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள். வசதி இருப்பவர்கள் துணிக்கு மாறட்டும், நல்லது. ஆனால் பிளாஸ்டிக் பேட் வைத்தவள் பூமிக்குத் துரோகி என்கிற தோரணை வேண்டாம், மாற வேண்டியது கம்பெனி.

---

துணிப்பை பதில்:

தோரணை எதுவும் இல்லை தோழி, கேட்டவர் வேளச்சேரியில் பால்கனியோடு இருப்பவர், பெயரே மொட்டைமாடி. அவருக்குத்தான் சொன்னேன். மழைக்காலத்துக்கு நானும் ஒரு பாக்கெட் டிஸ்போஸபிள் வைத்திருப்பேன்.

---

மொட்டைமாடி பதில்:

எல்லோருக்கும் நன்றி. டம்ளர் சோதனையை மகளோடு செய்து பார்த்தேன், உப்பைப் போட்டதும் ஜெல்லி தண்ணீரானதைப் பார்த்துவிட்டு அவள் வேதியியல் டீச்சரிடம் காட்ட வீடியோ எடுத்தாள். மேல் அடுக்கையும் கொளுத்திப் பார்த்தோம். ‘காட்டன் சாஃப்ட்’ என்று போட்டிருந்த பேட் சுருண்டு கட்டியானது.

பெட்பேன் இன்று வாங்கியாயிற்று. மாமியார் முதலில் முறைத்தார், அப்புறம் ‘இதை முன்னாடியே வாங்கியிருக்கலாம்’ என்றார். நான் துணி பேட் முயன்று பார்க்கிறேன், மகள் ஸ்கூலில் மாற்றுவது கஷ்டம் என்பதால் அவளுக்கு இப்போதைக்கு வழக்கமான பேட்தான். சிவப்புப் பேனாவைக் குரூப்பில் சொன்னேன், இரண்டு பேர் தம்ஸ் அப், ஒருவர் ‘லிஃப்ட் பக்கத்தில் வைத்தால் அசிங்கமாக இருக்கும்’ என்கிறார். பார்த்துக்கொள்கிறேன்.

நான்வோவன் சார், ஒரே ஒரு சந்தேகம். மகளுக்கு வழக்கமான பேடுதான் என்றால், அதிலேயே பிளாஸ்டிக் குறைவாக இருப்பதை எப்படித் தேர்ந்தெடுப்பது? டயப்பர் விலை குறையவே குறையாதா?

---

நான்வோவன் பதில்:

எக்ஸ்எல், ட்ரிபிள் எக்ஸ்எல் என்று எல்லா நாளுக்கும் ஒரே நீளத்தை வாங்காதீர்கள். கடைசி இரண்டு நாளுக்குச் சின்ன சைஸ் போதும், நீளம் குறைந்தால் எல்லா அடுக்கும் சேர்ந்தே குறையும். வாசனை போட்டது வேண்டாம், அதனால் உறிஞ்சும் திறன் கூடுவதில்லை, அரிப்புதான் வரும். தனித்தனி உறை இல்லாத பாக்கெட் கிடைத்தால் வீட்டு உபயோகத்துக்கு அது நல்லது, பிளாஸ்டிக் அங்கேயே கொஞ்சம் மிச்சம். ஐஎஸ் 5405 என்பது நாப்கினுக்கான இந்தியத் தரம், 2019-ல் புதுப்பித்தார்கள், பாக்கெட்டில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள். சுய உதவிக் குழுக்கள் செய்யும் தடிமனான பேடில் மரக்கூழ் அதிகம், குருணை குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், கொஞ்சம் பருமனாகத் தெரியும், வீட்டில் இருக்கும் நாளுக்கு அது போதும்.

விலை பற்றி: நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். டயப்பருக்கு 12 சதவீதம் இருந்து, 2025 செப்டம்பரில் 5 ஆனது. பழைய ஸ்டாக் என்று பழைய விலையே சொல்லும் கடை இருந்தால் பில் கேளுங்கள்.